ஊருக்கே போன சாப்பாட்டு விசாரிப்பு

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மூன்று மாடிக் கட்டடம். முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாவதில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், மூன்றாவதில் குயில் பேஜிங் கம்பெனி. பல் டாக்டரிடம் வருகிறவர்கள் போடுகிற கூச்சலை மேல்மாடித் தட்டெழுத்துச் சத்தம் அமுக்கிவிடும். அந்தத் தட்டெழுத்தையும் அமுக்குகிற மாதிரி மூன்றாம் மாடியில் முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் போனில் பேசுவார்கள். தெருவில் போகிற மாடு அந்தக் கட்டடத்தைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போகும் என்று சொல்வார்கள்.

செல்போன் பெரிய மனிதர்களின் கையில் மட்டும் செங்கல் மாதிரி இருந்த காலம் அது. மற்றவர்களுக்குப் பேஜர்தான். இடுப்பில் செருகிக்கொள்கிற சின்னப் பெட்டி. உங்களுக்குச் சேதி சொல்ல நினைப்பவர் குயிலுக்கு போன் போட்டு ஆபரேட்டரிடம் சொல்ல வேண்டும். அவள் அதை ஆங்கில எழுத்தில் தட்டுவாள், தமிழாக இருந்தாலும். சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர் அதை வாங்கி, அடையாற்றில் ஒரு கட்டடத்து மொட்டைமாடிக் கம்பத்திலிருந்து காற்றில் விடும். உங்கள் இடுப்பு 'பீப்' என்று கத்தும்.

இத்தனைக்கும் ஆதாரமான அந்த சர்வர், ஆபரேட்டர்கள் ஹாலுக்கு அடுத்த கண்ணாடி அறையில் இருந்தது. பீரோ உயரம். அதற்காக ஓடிய ஏ.சி.யில், வாசலில் நாலு பென்குவின்கள் வேலைக்கு மனுப்போட்டுவிட்டுக் காத்திருந்தாலும் ஆச்சரியப்பட ஏதுமில்லை. உள்ளே, கத்தரி வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஸ்ரீரங்கன். சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். வயது நாற்பத்திரண்டு. மயிலாப்பூரில் சித்திரைக்குளத்துப் பக்கம் ஒற்றை அறையில் வாசம்.

அவர் வந்த பிறகு அந்த சர்வர் ஒரு தடவை கூடப் படுத்ததில்லை. டிஸ்க் சுற்றுகிற சத்தத்தில் சுருதி இறங்கினாலே அவருக்குக் காது குத்தும். கெடுவதற்கு ஒரு வாரம் முன்பே அதைக் கழற்றி மாற்றியிருப்பார். ஊரில் எல்லோரும் டேப்பில் பேக்கப் எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். ஸ்ரீரங்கன் அடுக்கிய டேப்பைத் திரும்ப ஏற்றிப் படித்துப் பார்த்த பிறகுதான் காபியே குடிப்பார். திடீரென்று ஒருநாள் மெயின் ஸ்விட்சைத் தானே அணைத்துவிட்டு, ஜெனரேட்டர் எழுந்துகொள்கிறதா என்று சோதிப்பார். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் குலாம் ரசூலுக்கு அதில் இரண்டு முறை நெஞ்சு நின்று திரும்ப ஓடியதாகக் கேள்வி.

இவ்வளவு கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பலன், அவரை யாரும் தேடாததுதான். சமையல் நன்றாக இருந்தால் சமையல்காரரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்வார்கள். சர்வர் நன்றாக இருந்தால், அதற்கென்று ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதே மறந்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முப்பது வாய்கள் பேசிக்கொண்டே இருக்க, இந்தப் பக்கம் ஒரு சொல்லும் கேட்காது. சில நாள் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கும்போதுதான், காலையிலிருந்து தான் வாயே திறக்கவில்லை என்பது அவருக்கு உறைக்கும்.

அவர் இடுப்பிலும் ஒரு பேஜர் உண்டு, வேலைக்காகக் கொடுத்தது. மற்ற ஊர்களில் என்ன செய்வார்கள்? கோளாறு வந்தால் சேதி அனுப்பும்படி சர்வருக்குச் சொல்லி வைப்பார்கள். ஸ்ரீரங்கன் அதை ஒப்ப மாட்டார். செத்துப்போனது எப்படி வந்து 'நான் செத்துவிட்டேன்' என்று சொல்லும்? ஆகவே மணிக்கொரு தரம் 'ஆல் ஓகே' என்று தன் பேஜருக்கு அனுப்பும்படி அதைப் பழக்கினார். சத்தம் வந்தால் நலம். வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓட வேண்டும்.

அந்த 'ஆல் ஓகே' நாளெல்லாம் வந்துகொண்டிருந்தது. உலகத்தில் அவருக்கு வந்த சேதி அது ஒன்றுதான். ஒரு மத்தியானம் தயிர் சாத டப்பாவைத் திறந்தபோது பேஜர் கூவ, எடுத்துப் பார்த்தார். எப்படியும் ஏதோ ஒரு வார்த்தை வரத்தான் போகிறது, அது நல்ல வார்த்தையாக வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தோன்றிற்று. சர்வருக்கு மணிக்கொரு வரியாக ஆணை எழுதி வைத்திருந்தார், அதில் ஒரு மணி வரியில் 'சாப்டாச்சா?' என்று மாற்றினார். சாயங்காலத்துக்கு 'சீக்கிரம் கிளம்புங்கோ'. பிறகு ஆசை விட்டதா? மழை மாதங்களில் குடையை விசாரித்தது. கோடையில் 'வெயில்ல அலையாதீங்கோ, மோர் குடிங்கோ' என்றது. மாதம் பார்த்துப் பேசும்படி அவ்வளவு நுட்பமாக எழுதியிருந்தார். ராக்கெட் விடுகிறவர்கள் பார்த்தால் கொத்திக்கொண்டு போயிருப்பார்கள்.

மணி தவறாமல் கூவுகிற பேஜரை ஆபீஸ் சும்மா விடுமா? யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருநாள் அவர் பேஜரை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் குலாம் ரசூல் எட்டிப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், குடை எட்த்துகினியான்னு கேட்டுக்கீதே. நம்ம வூட்ல நனைஞ்சுகினு போனாக்கூட இன்னான்னு கேக்க மாட்டாங்க. குட்த்து வச்ச ஆளு சார் நீ."

இல்லை என்று சொல்ல ஸ்ரீரங்கனுக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. சிரித்தார். பொய் சொன்னவர்கள் தப்பித்துக்கொள்ளலாம், சிரித்தவர்கள் தப்பவே முடியாது.

சேதி எதுவானாலும் ஆபரேட்டர்கள் கை வழியாகத்தானே போக வேண்டும்? அப்படியானால் அவளுடைய போனை எடுத்தது யார் என்று ஹாலில் கேள்வி எழுந்தது. ஷெரில் என்ற பெண் முந்திக்கொண்டாள். தான்தான் எடுத்ததாகவும், அந்தக் குரல் வெல்லப்பாகில் முக்கி எடுத்த வீணை மாதிரி இருந்ததாகவும் சொன்னாள். பக்கத்துப் பெண்ணும் விட்டுக்கொடுக்கவில்லை, தனக்கும் வந்தது, லேசாக இருமினாள் என்றாள். தீபாவளி வருவதற்குள் அந்தக் குரலுக்கு மூக்குத்தி போட்டு, சங்கீதப் பயிற்சி கொடுத்து, மந்தைவெளியில் குடியும் வைத்தாகிவிட்டது. சூப்பர்வைசர் மர்சலின் மட்டும் இதில் சேரவில்லை. சாந்தோம்காரி. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தாள்.

கம்பெனியின் ஆண்டு விழா ஏப்ரலில் வந்தது. பகல் பன்னிரண்டுக்குச் சந்தாதாரர் எல்லோருக்கும் ஒரே வீச்சில் வாழ்த்து போக வேண்டும் என்றார் மானேஜர் அச்யுத். கூடவே இன்னொன்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் டின்னர், ஸ்ரீரங்கன் அவசியம் 'அவங்களை' அழைத்து வர வேண்டும், ஸ்டாஃப் எல்லோரும் பார்க்க ஆவலாக இருக்கிறார்கள். ஸ்ரீரங்கன் மஃப்ளரைச் சரி செய்துகொண்டார். சர்வரைத் தள்ளுவண்டியில் வைத்தா கூட்டிப்போக முடியும்? அன்று முழுக்க அவருக்கு அதே கவலை. இல்லை என்று சொன்னால், இத்தனை நாள் சிரித்த சிரிப்புக்கெல்லாம் விளக்கம் கேட்பார்கள். யாருமே இல்லாதவன் என்பதைவிட, இருப்பதாக நடித்தவன் என்பது எவ்வளவு கேவலம்!

அந்தக் கவலையோடுதான் வாழ்த்துக்கான வரியை எழுதினார். புதிதாக எழுதுவதைவிட, நன்றாக ஓடுகிற வரியைக் காப்பி எடுத்துத் திருத்துவது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஒரு மணி வரியைக் காப்பி எடுத்துக் கீழே ஒட்டினார். கீழ் வரியில் நேரத்தை மாற்றினார், வாசகத்தை மாற்றினார். பெறுநர் எண்ணில், தன் பேஜர் எண்ணை எடுத்துவிட்டு 'அனைவரும்' என்ற பொது எண்ணைப் போட்டார். அதை மட்டும் மேல் வரியில் போட்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஆபீசில் பூஜை. மானேஜர் தன் பேஜரையும் குங்குமம் வைத்துப் பிள்ளையார் படத்தடியில் வைத்திருந்தார். மணியடிக்கிற அமர்க்களத்தில் அது கூவியதா இல்லையா என்று பிள்ளையாருக்கே தெரிந்திருக்காது. கற்பூரம் ஒற்றிக்கொண்டே, போயிற்றா என்று கேட்டார். ஸ்ரீரங்கன் தன் பேஜரை நீட்டினார். 'குயில் பேஜிங் உங்களை வாழ்த்துகிறது.' இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? சென்னையிலேயே அந்த வாழ்த்து கிடைத்த ஒரே மனிதர் தாம்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு மணி ஆயிற்று.

முதலில் அவர் இடுப்பு கூவிற்று. அடுத்த விநாடி பிள்ளையார் படத்தடி கூவிற்று. கீழே பல் டாக்டருடையது, தெருவில் ஸ்கூட்டரில் போனவருடையது, எதிர்ச் சாரிப் பட்டுக் கடை முதலாளியுடையது என்று வரிசையாக எழும்பி, பாண்டி பஜார் முழுக்கப் பெட்டிக் குயில்கள் கத்தின. மயிலாப்பூரில், அடையாற்றில், திருவான்மியூர்க் கடற்கரை வரைக்கும் அத்தனை இடுப்பிலும் ஒரே சேதி: 'சாப்டாச்சா? வெயில்ல அலையாதீங்கோ. மோர் குடிங்கோ.'

லஸ் முனையில் ஒரு வக்கீல் வாதத்தைப் பாதியில் விட்டார். மந்தைவெளியில் ஒரு மனைவி கணவனின் பேஜரைப் படித்துவிட்டு, பரிமாறிய சாம்பாரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா, பெண்ணின் மாமா மூவருக்கும் ஒரே சமயத்தில் சேதி வர, மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பாயசத்தைப் பார்த்தார்கள். யாரென்று கேட்காமல் மோர் குடித்தவர்களும் ஏராளம். அன்றைக்குத் தென்சென்னையில் மோருக்குப் பஞ்சமே வந்துவிட்டது.

சர்வர் தானாக அனுப்புகிற சேதியின் கடைசியில், பதில் சொல்ல ஓர் எண் இருந்தாக வேண்டும் என்பது சர்வரின் சட்டம். தனக்கென்று முதலில் எழுதியபோது ஸ்ரீரங்கன் வேறு யார் எண்ணைப் போடுவார்? தன் எண்ணையே போட்டிருந்தார். ஊர் முழுக்க அந்த எண்ணுக்குப் பதில் சொல்லக் கிளம்பிற்று. முப்பது போன்களும் ஒன்றாக அடித்தன. பெண்கள் விரல் நோகத் தட்டினார்கள். அவர் இடுப்பில் பேஜர் மூச்சு விடாமல் கூவிற்று.

'ஆச்சு. வத்தக்குழம்பு. நீங்க?'

'யாரம்மா நீ, என் குடும்பத்தைக் கெடுக்க வந்தவளா.'

'மோர் குடிச்சேன். தேங்க்ஸ்.'

ஸ்ரீரங்கன் திரையைத் திறந்து இரண்டு வரிகளையும் பார்த்தார். தன் தவறு கண்ணில் பட்டதும் அந்தக் குளிரிலும் வியர்த்தது. மேல் வரியைத் திருத்திவிட்டார், ஆனால் கிளம்பிய வெள்ளம் நிற்கவில்லை. பதில்கள் வரிசையில் சேர்ந்துகொண்டே போயின. அடையாற்றுக் கம்பம் ஒவ்வொன்றாகத்தான் ஏவும், ஆபரேட்டர்களோ முப்பது முப்பதாகத் திணித்தார்கள். டிஸ்க் நிரம்பிக்கொண்டு வந்தது. நிரம்பிவிட்டால் சர்வர் படுத்துவிடும். அதைவிட மோசம், ஓர் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து டாக்டரை உடனே வரச்சொன்ன அவசரச் சேதி, நூற்றுக்கணக்கான 'சாப்டாச்சு'களுக்குப் பின்னால் கால் கடுக்க நின்றுகொண்டிருந்தது.

டேப்பில் இறக்கி வைக்க நேரமில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான், அவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. தன் எண்ணுக்கு வந்த அத்தனையையும் அழி, மற்றதைத் தொடாதே. ஒரே வரி ஆணை. தட்டி முடித்தார். கடைசிப் பொத்தான்மேல் விரல் நின்றது.

பிறந்ததிலிருந்து அவரிடம் இத்தனை பேர் பேசியதில்லை. திட்டியவர்கள் உட்பட. அத்தனையும் படிக்கப்படாமல் வரிசையில் நின்றன. டாக்டரும் வரிசையில் நின்றார். அழுத்தினார்.

கண் சிமிட்டுவதற்குள் சர்வர் காலி செய்துவிட்டது. அது எப்போதுமே சொன்ன பேச்சைக் கேட்கும். டாக்டருக்குச் சேதி போயிற்று. அவர் இடுப்பு அடங்கிற்று. கடைசியாக வந்து சேர்ந்திருந்த ஒன்று பேஜரில் தங்கியிருந்தது: 'இல்ல. இனிமேதான். யாரும் கேட்டு ரொம்ப நாளாச்சு.' அனுப்பியவர் எண் தரவில்லை. ஸ்ரீரங்கன் அதை இரண்டு முறை படித்தார்.

மூன்று மணிக்கு மானேஜர் ஹாலில் விசாரணை வைத்தார். முகம் தக்காளி நிறம். அவர் வீட்டிலிருந்தும் போன் வந்திருந்தது. பதில் எண் ஸ்ரீரங்கனுடையது, ஆகவே சேதி ஸ்ரீரங்கனின் 'அவங்க' சொன்னது. அவங்க குரல் யாருக்குப் பழக்கம் என்று ஆபீசுக்கே தெரியும். ஆகவே, ஸ்ரீரங்கன் எண்ணுக்குப் பதில் எல்லோருடைய எண்ணையும் தட்டித் தொலைத்தவள் ஷெரில்தான். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

ஷெரில் எழுந்து நின்றாள். தட்டவில்லை என்றால், குரல் கேட்டதாகச் சொன்னது என்னாவது? திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றார் மானேஜர். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஸ்ரீரங்கன் வெளியே வந்தார். மஃப்ளர் கழுத்திலேயே இருந்தது.

"அந்தப் பொண்ணு தட்டலை அச்யுத். சர்வர் அனுப்பினது. நான் எழுதி வச்சது."

"நீங்களா? யாருக்கு அனுப்ப எழுதினீங்க?"

"எனக்கு."

மானேஜருக்குப் புரியவில்லை. "அப்போ உங்க வீட்ல, அவங்க..."

"எங்காத்துல யாரும் இல்லை."

முப்பது பெண்களும் வாய் மூடியிருந்ததைக் குயில் பேஜிங் அன்றுதான் பார்த்தது. கீழ்மாடித் தட்டெழுத்துச் சத்தம் துல்லியமாகக் கேட்டது. வாசலில் நின்ற குலாம் ரசூல் தலையைச் சொறிந்தார். "மிசினு கேட்டா இன்னா சார், கேட்டுச்சா இல்லியா," என்றார் யாரையும் பார்க்காமல்.

ஷெரில் பையைக் கீழே வைத்தாள். மானேஜர் கொஞ்ச நேரம் கத்தினார், ஆனால் சுரத்தில்லை. இனிமேல் 'ஆல் ஓகே' தவிர வேறு எதையும் அந்தப் பெட்டி தானாக அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை டின்னர் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஸ்ரீரங்கன் உள்ளே போய் ஒவ்வொரு வரியாக மாற்றினார். சாப்பாடு போயிற்று, குடை போயிற்று, மோர் போயிற்று. கதவு திறந்தது. புடவைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டு மர்சலின் நின்றாள். அந்த அறைக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு முன்னாடியே தெரியும் சார். போர்டுல எல்லாக் காலும் நான் பாக்கறேன். இன்னிக்கு முன்னாடி உங்க நம்பருக்கு ஒரு கால்கூட வந்ததில்ல."

"தெரிஞ்சும் சொல்லலையே."

"சொல்லி என்ன பண்றது? ஷெரில் சொன்ன குரல் நல்லாத்தானே சார் இருந்துச்சு."

அவளுக்குப் பற்கள் தந்தியடித்தன. போய்விட்டாள்.

மறுநாள் ஆபீஸ் அவரிடம் காட்டிய மரியாதை இருக்கிறதே, துக்க வீட்டில்கூட அப்படி இருக்காது. குலாம் ரசூல் ஜெனரேட்டரைக்கூட மெதுவாக உறுமச் சொன்னார் போலிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண்கள் பார்ப்பதும், அவர் நிமிர்ந்தால் குனிவதுமாக இருந்தார்கள். முன்பெல்லாம் பார்க்காமல் இருந்தது எவ்வளவோ தேவலை என்று பட்டது.

ஒரு மணிக்குப் பேஜர் கூவிற்று. 'ஆல் ஓகே.' டப்பாவைத் திறந்தார். தயிர் சாதம் அதே தயிர் சாதம்தான். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பேஜரில் பழைய சேதியைத் தேடி எடுத்தார். 'இல்ல. இனிமேதான்.' யாரோ என்னவோ, அப்புறமாவது சாப்பிட்டாரா?

இன்டர்காம் அடித்தது. அந்த அறையில் இன்டர்காம் இருந்ததே அவருக்கு மறந்திருந்தது. மர்சலின்.

"சார், ஒருத்தர் லைன்ல இருக்கார். மருந்துக் கம்பெனி ரெப்பாம், வேளச்சேரியில தனியா ரூம் எடுத்திருக்காராம். நேத்து ஒரு மணிக்குச் சாப்டாச்சான்னு கேட்டவங்க இன்னிக்கு ஏன் கேக்கலன்னு விசாரிக்கறார். பேஜர்ல சேதி வரல, அவங்களுக்கு ஏதாச்சும் ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு..."

ஸ்ரீரங்கன் கையிலிருந்த சோற்றை டப்பாவில் வைத்தார். வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்றால் ஓடி வந்து பார்க்க வேண்டும். அவர் ஒரு பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஒரே ஒரு சேதியைப் பார்த்துவிட்டு வேளச்சேரியில் ஒருத்தன் அதை யாரும் சொல்லாமலே படித்துவிட்டான்.

"குடுங்கோ," என்றார்.

லைன் மாறிற்று. மறுமுனையில் பஸ் சத்தமும் வெயிலும் கலந்து இரைந்தன. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு குரல், தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்றது. வெல்லப்பாகும் இல்லை, வீணையும் இல்லை. புழுதியில் அலைந்த குரல்.

"ஒண்ணும் இல்லை சார், எல்லாரும் சௌக்கியம். லைன்ல ஒரு சின்னக் கோளாறு," என்றார் ஸ்ரீரங்கன். "உங்க பேஜர் நம்பர் சொல்லுங்கோ. நாளைலேர்ந்து சரியா வரும்."

எண்ணை வாங்கிக்கொண்டு போனை வைத்தார். மானேஜரின் உத்தரவு ஒரு கணம் நினைவுக்கு வந்து, போய்விட்டது. இடது கையால் கீபோர்டை இழுத்துக்கொண்டார். வலது கையில் தயிர் காய்ந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை எந்த வரியையும் காப்பி எடுக்கவில்லை. முதல் எழுத்திலிருந்து புதிதாகத் தட்ட ஆரம்பித்தார்.